பன்னிரண்டு கட்டில்களில் தொடங்கிய வைத்தியசாலை: டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை

எமது ஊர்களில் புற்றுநோய் என்ற சொல்லைப் பலர் வாயால் சொல்வதில்லை. அந்த வருத்தம் என்றோ, கூடாத வருத்தம் என்றோ சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். வீட்டில் திருமண வயதில் பெண்பிள்ளை இருந்தால் தாயின் நோய் அயல் வீட்டுக்குத் தெரியவே கூடாது. வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக நான் கடமையாற்றிய காலம் முழுவதும் இந்த மௌனத்தோடுதான் மல்லுக்கட்டினேன். மார்பில் கட்டி வந்து ஒரு வருடம் கடந்த பிறகு என்னிடம் காட்டிய பெண்கள் இருக்கிறார்கள். ஏன் முதலிலேயே வரவில்லை என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கும். ஒருவர் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தார். இன்னொருவர் காணாமற்போன மகனைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். வேறொருவர் கூலி வேலைக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றிரவு அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

இந்தத் தாமதத்தைச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் தன் சொந்த வீட்டிலேயே கண்டவர் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இலங்கைத் தமிழர்களில் பலர் அவரைத் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவராக மட்டுமே அறிவார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்களுக்கும் அதை உருவாக்கியவர் அவர்தான் என்பது தெரியாமலிருக்கலாம். அந்த நிலையத்தைத் தொடங்குவதற்கு அவருக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளின் கதையை எமது பெண்கள் அறியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முத்துலட்சுமி 1886 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் திகதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியின் அதிபராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்த உறவுக்காகத் தந்தையை அவருடைய குடும்பத்தினர் ஒதுக்கினார்கள். தாயின் பிறப்பைச் சொல்லி ஊர் பேசியது. வெட்கம் என்பது ஒரு பெண்ணின் மீது வெளியிலிருந்து எப்படி ஏற்றப்படுகிறது என்பதை முத்துலட்சுமி சிறு வயதிலேயே அறிந்திருப்பார் என்றே நான் எண்ணுகிறேன்.

பருவமடைந்ததும் பாடசாலைக்குப் போவது நின்றது. வீட்டிலிருந்தே படித்து மெற்றிக்குலேஷன் பரீட்சையில் தேறினார். அதன் பின்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரிக்குள் ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். தாயின் மரபும் இழுக்கப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்புகளை ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி முத்துலட்சுமி.

1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் அடிக்கடி குன்றியபோதும் பதக்கங்களும் பரிசுகளும் பெற்று 1912 இல் வைத்தியராக வெளியேறினார். சென்னை அரச மகப்பேற்று வைத்தியசாலையில் முதலாவது பெண் ஹவுஸ் சேர்ஜனாகப் பணியாற்றினார். 1914 இல் டொக்டர் சுந்தர ரெட்டியைச் சாதிச் சடங்கு எதுவுமின்றி 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மணந்தார். தன்னைச் சமமாக நடத்தவேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனைகளை முன்வைத்த பிறகே திருமணத்துக்குச் சம்மதித்தார். கணவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

சென்னையில் வைத்தியராக நல்ல பெயர் எடுத்திருந்த காலத்தில்தான் அவருடைய தங்கை நோயுற்றார். வயிற்றுளைச்சல் என்று சொல்லி அதற்கே மருந்து கொடுக்கப்பட்டது. நோய் குறையவில்லை. உண்மையில் அது மலக்குடற் புற்றுநோய். அது கண்டுபிடிக்கப்பட்டபோது காலம் கடந்திருந்தது. 1920களின் தொடக்கத்தில் அந்த இளம்பெண் இறந்துபோனார். அக்கா ஒரு வைத்தியர், தலைநகரில் வசிப்பவர், பெரிய வைத்தியர்களை அறிந்தவர். அப்படியிருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்த இடத்தை வாசகர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும் என விரும்புகிறேன். மலத்தோடு இரத்தம் போவதைச் சாதாரண வயிற்றுளைச்சல் என்றோ மூலவியாதி என்றோ எண்ணி மாதக்கணக்கில் கைமருந்து செய்பவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். முத்துலட்சுமியின் வீட்டில் நடந்தது அதுவே. அந்தக் காலத்தில் உடலுக்குள்ளே பார்த்துச் சொல்லும் கருவிகள் குறைவு. புற்றுநோயைப் பற்றிப் பயின்ற வைத்தியர்களும் தென்னிந்தியாவில் அரிது. இன்று அந்த நிலை இல்லை.

தங்கையின் மரணத்துக்குப் பின்னர், 1925 இல், அரசாங்கத்தின் புலமைப்பரிசிலோடு முத்துலட்சுமி மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். பெண்களினதும் குழந்தைகளினதும் நோய்களைப் பற்றிப் படிப்பதற்கே அந்தப் பயணம். அங்கே புற்றுநோய்க்கென்றே இயங்கிய ரோயல் கேன்சர் வைத்தியசாலையையும் பார்த்தார். நோயைக் கண்டறிவதும் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் ஆராய்ச்சியும் ஒரே இடத்தில் நடந்தன. தன் நாட்டில் சாவின் மறுபெயராக இருந்த நோய்க்கு அங்கே சிகிச்சை நடப்பதைக் கண்டவர், அப்படியொரு நிலையம் சென்னையிலும் வேண்டும் என்று தீர்மானித்தார்.

நாடு திரும்பியதும் அரசியல் அவரை இழுத்துக்கொண்டது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927 இல் அச்சபையின் துணைத் தலைவராக ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபை ஒன்றில் அமர்ந்த முதற்பெண் அவர். பாடசாலைப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியான வைத்திய வசதி ஆகியவற்றுக்காகச் சபையில் தொடர்ந்து பேசினார்.

தேவதாசி முறைக்கு எதிரான அவருடைய போராட்டமும் அங்கேதான் வலுப்பெற்றது. கோயில் சேவைக்கு ஈடாகத் தேவதாசிகளுக்கு வழங்கப்பட்ட நிலங்களை அந்தக் கடமையிலிருந்து விடுவிக்கும் சட்டம் 1929 இல் வந்தது. பெண்பிள்ளைகளைப் பொட்டுக்கட்டுவதை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947 இல்தான் நிறைவேறியது. அவரோடு எல்லோரும் உடன்படவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் உட்பட அந்த மரபில் வந்த கலைஞர்கள் சிலர் தமது கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று எதிர்த்தார்கள். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அடைக்கலம் கேட்டு வாசலில் வந்து நின்ற தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளுக்குத் தங்க இடம் கிடைக்காதபோது அவர் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930களின் தொடக்கத்தில் உருவாகி இன்றுவரை இயங்கும் ஒளவை இல்லம் அப்படித்தான் பிறந்தது.

காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930 இல் சட்டசபைப் பதவியைத் துறந்தார். பதவி போனாலும் புற்றுநோய் நிலையம் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை. 1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அந்த மேடையைப் பயன்படுத்தி, புற்றுநோய்க்குத் தனி வைத்தியசாலை ஒன்று வேண்டும் என்ற கோரிக்கையை வெளிப்படையாக முன்வைத்தார். தங்கை இறந்து அப்போது பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

கோரிக்கை எளிதில் எடுபடவில்லை. சென்னைப் பொது வைத்தியசாலையில் 1934 இல் திறக்கப்பட்ட பார்னார்ட் கதிரியக்க நிலையம் இருந்தது. ஆனால் புற்றுநோயாளிக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை வேண்டியவை அனைத்தும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் இடம் தென்னிந்தியாவில் எங்கும் இருக்கவில்லை. பம்பாயில் டாட்டா நினைவு வைத்தியசாலை 1941 இல் திறக்கப்பட்டது. சென்னையில் காத்திருப்புத் தொடர்ந்தது. குணமாகாத நோய்க்கு எதற்குப் பணத்தைக் கொட்டவேண்டும் என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது, வைத்தியர்கள் பலரிடமும் இருந்தது. கொலராவும் காசநோயும் மலேரியாவும் ஆயிரக்கணக்கில் உயிர்களை வாங்கிக்கொண்டிருந்த நாடு அது. அந்தப் பட்டியலில் புற்றுநோய் கடைசியில் நின்றது.

முத்துலட்சுமியின் நிலைப்பாடு வேறாக இருந்தது. நேரத்தோடு கண்டுபிடித்தால் பல புற்றுநோய்களைக் குணப்படுத்தலாம். குணப்படுத்த முடியாதபோதும் வலியைக் குறைக்கலாம். நோயாளி பிந்தி வருவதற்குக் காரணம் போவதற்கு இடமில்லாததுதான் என்றால், முதலில் அந்த இடத்தைக் கட்டவேண்டும். அரசாங்கம் முன்வருமென்று காத்திருக்காமல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் 1949 இல் புற்றுநோய் நிவாரண நிதியத்தைத் தொடங்கிப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார். அப்போது அவருக்கு 60 வயது கடந்திருந்தது.

1952 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் திகதி பிரதமர் ஜவஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் திகதி நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. சிறிய கட்டிடம் ஒன்றில் 12 கட்டில்கள் மட்டுமே இருந்தன. வெளிநாடுகளில் புற்றுநோய்ச் சிகிச்சையைப் பயின்று திரும்பியிருந்த மகன் டொக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு டொக்டர் வி. சாந்தா என்ற இளம் வைத்தியர், தனக்குக் கிடைத்திருந்த அரச நியமனத்தை விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தார். முத்துலட்சுமிக்கு அப்போது ஏறக்குறைய 69 வயது.

பணமில்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அந்த நிலையத்தின் அடிப்படைக் கொள்கை. வசதியுள்ளவர் கட்டணம் செலுத்துவார். இல்லாதவருக்கும் அதே வைத்தியரின் அதே சிகிச்சை கிடைக்கும். புற்றுநோய்ச் சிகிச்சை மாதக்கணக்கில் நீள்வது. நோயாளி ஒருவர் என்றாலும் செலவு முழுக் குடும்பத்தின் தலையில் விழும். காணியை ஈடு வைத்து, நகையை விற்று, பிள்ளையின் படிப்பை நிறுத்திச் சிகிச்சை செய்த குடும்பங்களை எமது ஊர்களிலும் காண்கிறோம். நோயோடு சேர்த்து இந்தப் பாரத்தையும் குறைத்தால்தான் ஏழை நோயாளி சிகிச்சையை நடுவழியில் கைவிடமாட்டார். ஒளவை இல்லத்தை நடத்திய பெண்ணுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நிலையம் சிறியதாக இருந்தபோதும் ஆராய்ச்சியை ஒத்திப்போடவில்லை. 1950களின் பிற்பகுதியிலேயே கோபால்ட் 60 கதிர்வீச்சு இயந்திரம் அங்கே நிறுவப்பட்டது. உடலின் ஆழத்திலுள்ள கட்டிகளுக்குத் தோலை அதிகம் கருக்காமல் கதிர்வீச்சுச் செலுத்த அந்த இயந்திரம் வழிசெய்தது. 1959 இல் வாய்ப் புற்றுநோயின் காரணங்களைப் பற்றிச் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் செய்த ஆய்வு பிரித்தானியப் புற்றுநோய் ஆய்விதழில் வெளிவந்தது. புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கத்துக்கும் வாயில் வரும் புற்றுக்கும் உள்ள தொடர்பைத் தம்மிடம் வந்த நோயாளிகளைக் கொண்டே அவர்கள் ஆராய்ந்தார்கள். இலங்கையில் இன்றும் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் முன்னிற்பது வாய்ப் புற்றுநோய் என்பதை இங்கே நினைவுபடுத்தவேண்டும். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் அறிவித்தது. புகையிலை போடவில்லை, வெறும் வெற்றிலையும் பாக்கும்தான் என்று சொல்பவர்களும் இதனால் தப்பிவிட முடியாது.

1960 இல் சிறுவர்களுக்கென்று தனிப் புற்றுநோய்ப் பிரிவு அங்கே தொடங்கியது. இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளை பிழைக்காது என்று பெற்றோர் வீட்டுக்குத் தூக்கிச்சென்ற காலம் அது. பல மருந்துகளைச் சேர்த்து ஒழுங்குமுறையாகக் கொடுக்கும் சிகிச்சை பின்னாளில் வந்தபோது, அந்தப் பிரிவில் குணமாகி வீடு திரும்பும் பிள்ளைகளின் தொகையும் கூடியது.

இந்திய அரசு 1956 இல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 ஆம் ஆண்டு ஜூலை 22 ஆம் திகதி, 82 ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில் காலமானார். அவருக்குப் பின்னரும் நிலையம் தளரவில்லை. மகன் கிருஷ்ணமூர்த்தி 2010 இல் இறக்கும்வரை அதோடு இணைந்திருந்தார். சாந்தா அந்த வளாகத்திலேயே வாழ்ந்து, 2005 இல் மகசேசே விருது பெற்று, 2021 ஜனவரியில் மறைந்தார். 12 கட்டில்களில் தொடங்கிய இடம் பல நூறு கட்டில்களோடும் ஆராய்ச்சிப் பிரிவோடும் கல்லூரியோடும் வளர்ந்து நிற்கிறது. தமிழக அரசு 2019 முதல் அவருடைய பிறந்தநாளை அரச வைத்தியசாலைகளில் மருத்துவமனை தினமாக நினைவுகூருகிறது.

இனி எமது மண்ணுக்கு வருகிறேன். போர்க்காலத்தில் வன்னியிலிருந்து ஒரு புற்றுநோயாளி கதிர்வீச்சுச் சிகிச்சை பெறவேண்டுமானால் மகரகம போன்ற தூர இடங்களுக்குப் போகவேண்டும். ஏ9 பாதை மூடப்பட்டிருந்த காலங்களில் அந்தப் பயணம் எத்தனை பேருக்குக் கைகூடவில்லை என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். செல்லுக்கும் குண்டுக்கும் பலியானவர்களைக் கணக்கிட முயல்கிறோம். சிகிச்சைக்குப் போக வழியின்றிக் கொட்டிலுக்குள் வலியோடு கிடந்து இறந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

இன்று தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அதற்கான நிதி 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டியது. 2013 இல் அது திறக்கப்பட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பலரும் போட்ட சிறு தொகைகளும் அந்தக் கட்டிடத்தில் இருக்கின்றன. முத்துலட்சுமி அன்று மக்களிடம் கையேந்திய அதே வழி. சிகிச்சைக்கு இங்கே கட்டணம் இல்லை. ஆனாலும் கிளிநொச்சி, முல்லைத்தீவின் உட்கிராமங்களிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் வேண்டும். கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு அது சிறிய தொகையல்ல. நோயாளியோடு துணைக்குப் போக ஒருவர், அவர் வரும்வரை பிள்ளைகளைப் பார்க்க ஒருவர், பயணச் செலவுக்கு ஊர்ச் சங்கத்திலிருந்து ஓர் உதவி என்று ஏற்பாடு செய்தால் சிகிச்சையை இடையில் விடுபவர்களின் தொகை குறையும். நான் கடமையாற்றிய பகுதியில் மாதர் சங்கப் பெண்கள் இதைச் செய்தபோது அந்தப் பலனைக் கண்ணால் கண்டேன்.

முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கும் வழி இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துக்கான பப் பரிசோதனையும் இலவசமாகச் செய்யப்படுகின்றன. அதற்குச் சில நிமிடங்களே பிடிக்கும். பரிசோதிப்பவர் பெரும்பாலும் ஒரு பெண்தான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் பாடசாலைகளில் 6 ஆம் தர மாணவிகளுக்கு ஏற்றப்படுகிறது. அந்தப் படிவத்தில் கையொப்பமிடத் தயங்கும் பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். பிள்ளையின் ஒழுக்கத்துக்கும் அந்த ஊசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போலியோவுக்கும் சின்னமுத்துக்கும் ஏற்றியதுபோல இதுவும் ஒரு தடுப்பூசி.

மார்பில் வலியில்லாத கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், விழுங்குவதில் சிரமம், மலத்தோடு தொடர்ந்து போகும் இரத்தம். இவற்றில் ஒன்று இருந்தால் அது புற்றுநோய்தான் என்று பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் வேறு காரணமாகவே இருக்கும். ஆனால் எது என்பதை வைத்தியர் பார்த்துச் சொல்லவேண்டும்.

புதுக்கோட்டைச் சிறுமிக்குக் கல்லூரி வாசல் திறக்க ஒரு மன்னரின் அனுமதி வேண்டியிருந்தது. வைத்தியசாலை வாசலைத் திறக்க அவர் 30 ஆண்டுகள் அலைந்தார். உங்கள் பிரதேசத்துக் கிளினிக் எந்தக் கிழமை நடக்கிறது என்பதை அறிய உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். போகும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.